எண்ணிப் பார்த்தால் 12

போன வாரம் தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு தொழில்நுட்ப நிபுணர் அடித்துச் சொன்னார்: “குவாண்டம் கணினிக்கு இனி என்ன தடை? சிலிக்கானிலேயே செய்யலாம் என்று ஆகிவிட்டது. சிப் ஆலைகள் தயாராக இருக்கின்றன. கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ள வேண்டியதுதான்!” நெறியாளர் தலையாட்டினார். நான் ரிமோட்டைத் தேடினேன்.

அச்சடிப்பதற்கு இன்டெலுக்கா சொல்லித்தர வேண்டும்? ஒரே சிப்பில் நூற்றுக்கணக்கான கோடி டிரான்சிஸ்டர்களை அடுக்குகிற நிறுவனம். அது 2023 ஜூனில் ‘டனல் ஃபால்ஸ்’ என்ற சிலிக்கான் குவாண்டம் சிப்பை வெளியிட்டது. ஓரிகான் மாநிலத்தில் உள்ள சொந்த ஆலை, 300 மில்லிமீட்டர் வேஃபர், அதிநவீனக் கருவிகள், எதற்கும் குறைவில்லை. அந்தச் சிப்பில் குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட் எத்தனை? 12. பின்னால் சைபர் எதுவும் விட்டுப்போகவில்லை. அதுவும் கடையில் விற்க அல்ல, ஆய்வுக்கூடங்கள் பழகிப் பார்க்க.

டிரான்சிஸ்டரில் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஓடும். நாலு வழிதவறினால் யாரும் கவலைப்படுவதில்லை. இந்தச் சிப்பில் எலக்ட்ரானை அடைத்துவைக்கும் நுண்ணிய இடம்தான் குவாண்டம் புள்ளி. அதில் அடைபட்டிருப்பது பெரும்பாலும் ஒற்றை எலக்ட்ரான். அதன் தற்சுழற்சிதான் க்யூபிட். பக்கத்து ஆக்சைடு படலத்தில் ஒரு மின்னூட்டம் இடம் மாறினாலே அதற்குத் தாங்காது. இயற்கையில் கிடைக்கும் சிலிக்கானில் 4.7 சதவீதம் சிலிக்கான்-29. அதன் அணுக்கரு குட்டிக் காந்தமாக இருந்துகொண்டு எலக்ட்ரானைச் சீண்டும். அதைக் களைந்து சிலிக்கான்-28 ஆகச் சுத்தம் செய்ய வேண்டும். செய்தாலும், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி மின்முனைகள், தனி வோல்டேஜ். பக்கத்துப் புள்ளிக்குச் சரிப்பட்டது இதற்குச் சரிப்படாது. மைனஸ் 273 டிகிரியை ஒட்டிய குளிர்பெட்டிக்குள் கோடிப் புள்ளிகளுக்கும் கம்பி இழுப்பது யார்? நிபுணரா?

“2020லேயே சிட்னியிலும் டெல்ஃப்ட்டிலும் குளிரைக் கொஞ்சம் குறைத்து, 1 கெல்வினுக்கு மேல் இயக்கிவிட்டார்களே” என்று யாராவது குறுக்கிடுவார். இயக்கினார்கள். 2 க்யூபிட்டை.

குவாண்டம் புள்ளியில் அடைத்த எலக்ட்ரானின் தற்சுழற்சியை வைத்துக் கணக்குப் போடலாம் என்று டேனியல் லாஸும் டேவிட் டிவின்சென்சோவும் எழுதியது 1998இல். கெட்டிக்காரர்கள் கால் நூற்றாண்டு மல்லுக்கட்டிய பிறகும் இன்டெல் தந்தது 12. விவாத மேடையிலோ அரை நிமிடத்தில் கோடி.

எண்ணிக்கைப் பித்து வேறு. 2023 டிசம்பரில் ஐபிஎம், சிலிக்கான் புள்ளிகளில் அல்லாமல் வேறு வழியில் செய்த 1,121 க்யூபிட் ‘காண்டோர்’ சிப்பை அறிவித்ததும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார்கள். மறு ஆண்டே கூகுள் 105 க்யூபிட் ‘வில்லோ’வோடு வந்தது. க்யூபிட்டுகளைக் கூட்டக் கூட்டப் பிழை குறைந்தது என்பதுதான் அங்கே விஷயம். அதைச் சொன்னால் யார் பார்ப்பார்கள்? ‘குவாண்டம் கணினியால் உங்கள் வங்கிக் கணக்குக்கு ஆபத்து’ என்று ஓடவிட்டால் விளம்பரமாவது கிடைக்கும்.

அந்த விளம்பர இடைவேளையில் வருகிற சரக்கு இன்னும் மோசம். கழுத்தில் மாட்டினால் முதுகுவலி போகுமாம், ‘குவாண்டம்’ டாலர். அதற்குக் குளிர்பெட்டிகூட வேண்டாமாம்.