ரெய்ட் கார்டு போட்டால் மட்டும் போதுமா?

"சார், ரெய்ட் கார்டு போட்டுவிட்டால் டேட்டா போகவே போகாதாமே?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒருவர் கேட்டார். போகும் என்றேன். அவர் நம்பவில்லை.

பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் போல இயக்குவதுதான் ரெய்ட். 1988இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் பரவியது. ரெய்ட் 1 என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா எழுதப்படும். ரெய்ட் 5க்குக் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். ஒன்று கெட்டாலும் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்கலாம். ரெய்ட் 0 வேகத்துக்கு மட்டுமே. ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு! இந்த வேலையைக் கவனிக்க மதர்போர்டில் செருகும் அட்டைதான் ரெய்ட் கன்ட்ரோலர் கார்டு.

முத்தியால்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர், நான்கு 2 டெராபைட் டிஸ்க்குகளை ஒரு கார்டில் மாட்டி ரெய்ட் 5 அமைத்திருந்தார். கிடைத்த இடம் 6 டெராபைட். பல வருடத்துக் கல்யாண போட்டோக்கள் அதில்தான். ஒரு மழை இரவில் கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் பார்த்தால் கார்டு செத்துக் கிடக்கிறது. நான்கு டிஸ்க்கும் நன்றாகவே இருந்தன. ஆனால் ஒரு போட்டோ கூடத் திறக்கவில்லை. டேட்டாவை எப்படித் துண்டு போட்டு, எந்த வரிசையில் வைத்திருக்கிறோம் என்ற குறிப்பை ஒவ்வொரு கம்பெனிக் கார்டும் தன் பாணியில் எழுதுகிறது. வேறு கம்பெனிக் கார்டு பெரும்பாலும் அதைப் படிக்காது.

அவசரத்தில் வேறொரு கார்டை மாட்டினோம். 'இனிஷியலைஸ் செய்யவா?' என்று திரையில் கேட்டது. நண்பர் 'யெஸ்' கொடுக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சென்னை ரிச்சி தெருவில் அலைந்து அதே மாடல் பழைய கார்டைப் பிடிக்கப் பதினொரு நாள் ஆனது. அதுவரை ஒரு மணப்பெண்ணின் அப்பா தினமும் கடை வாசலில் வந்து நின்றார். "அண்ணே, அவருக்கு என்ன பதில் சொல்றது?" என்று நண்பர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

போட்டோக்கள் திரும்பி வந்தன. ஆனால் மூன்று மாதம் கழித்து, கடைப் பையன் தெரியாமல் ஒரு போல்டரை அழித்துவிட்டான். ரெய்ட் தன் வேலையைச் சரியாகச் செய்தது: எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்தது. வைரஸ் வந்தாலும் இதே கதைதான்.

நம் ஊர் மழையையும் யோசியுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. ஒரே பெட்டிக்குள் இருக்கும் நான்கு டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனையும். செயின்ட் லூயி தெருவிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் ஓலைச்சுவடிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஓலை செல்லரிக்கும் என்று தெரிந்துதான் அந்தக் காலத்திலேயே படி எடுத்து வைத்தார்கள். அது பேக்கப் இல்லாமல் வேறென்ன?

என்னைக் கேட்டால் வீட்டுக்கு ரெய்ட் கார்டு வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கடைக்காரர்களுக்கு, டிஸ்க் கெட்டாலும் வேலை நிற்கக்கூடாது என்றால் ரெய்ட் உதவும், அப்போதும் யு.பி.எஸ். அவசியம், அதே மாடலில் இன்னொரு கார்டும் கையில் இருக்கட்டும். லினக்ஸ் தெரிந்தவர்கள் கார்டே இல்லாமல் சாப்ட்வேர் ரெய்ட் அமைக்கலாம். அந்த டிஸ்க்குகளை வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் படிக்க முடியும்.

நண்பர் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு லாஸ்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார். போன வாரத்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாடும் முடித்துத்தான் திரும்புகிறார்.