ஜூன் மாதம் பெர்த் போகலாமா?

சிங்கப்பூர் வானொலியில் வானிலை வாசிப்பது மிகச் சுலபமான வேலை. குறைந்தபட்சம் 24 டிகிரி, அதிகபட்சம் 33 டிகிரி, பிற்பகலில் சில இடங்களில் இடியுடன் கூடிய மழை. நேற்றைய தாளையே இன்றும் வாசித்தால் பல நாள்களில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, வெளிநாட்டுப் பயணம் என்றால் நாம் முதலில் பார்ப்பது பள்ளி விடுமுறையையும் டிக்கெட் விலையையும்தான். பருவநிலை என்பது கைப்பேசியில் தெரியும் ஓர் எண், அவ்வளவே. “பெர்த்தா? 19 டிகிரிதானே, நம்ம ஆபீஸ் ஏர்கான் மாதிரி இருக்கும்” என்று பேச்சை முடித்துவிடுகிறோம்.

அந்த 19-ஐக் கொஞ்சம் கவனிப்போம். சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 19.4 டிகிரி செல்சியஸ், 1934 ஜனவரியில். பெர்த்தில் ஜூலை மாதம் பகலின் உச்சமே சராசரியாக 18, 19 டிகிரிதான். நம் ஊர் கண்ட ஆகக் குளிரான நேரம் அங்கே சாதாரண நண்பகல்! விடியற்காலையில் 8 டிகிரிக்கு இறங்கும். சில நாள்களில் அதற்கும் கீழே.

பெர்த் நம் குடும்பங்களுக்குப் பிடித்த ஊர். ஐந்து மணி நேர விமானப் பயணம், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. வயதான பெற்றோர், கைக்குழந்தை என எல்லாரையும் அழைத்துச் செல்லலாம். பனி கொட்டாத, மிதமான கடலோர நகரம் என்பதும் உண்மை. ஆனால் ‘மிதம்’ என்பது ஆண்டு முழுவதற்குமான சராசரி. நம்முடைய இரண்டு நீண்ட பள்ளி விடுமுறைகளில் ஜூன் அங்கே குளிர்காலத் தொடக்கம். டிசம்பர் கோடைக்காலத் தொடக்கம்.

வெளியே சுகம், உள்ளே நடுக்கம்

பெர்த்தில் ஆண்டுக்குச் சுமார் 730 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. நமக்கு 2,000-ஐத் தாண்டும். ஆனால் அந்த மழையின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் வந்துவிடும். நம் ஊர் மழைபோல ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகாது. தென்மேற்கிலிருந்து குளிர்காற்று அலை அலையாக வரும். ஒன்று வந்தால் ஓரிரு நாள் பலத்த காற்றும் மழையும். பிறகு பளிச்சென்று வெயில். காற்றில் குடை திரும்பிக்கொள்ளும் என்பதால், தலையை மூடும் மழைச்சட்டைதான் உதவும்.

பலருக்குத் தெரியாத விஷயம் வீட்டுக்குள் அடிக்கும் குளிர். அங்குள்ள பல வீடுகளில் சூடேற்றி கூடத்தில் மட்டும்தான் இருக்கும். பகலில் வெயிலில் நிற்கும்போது இதமாக இருக்கும். இரவு படுக்கையறையில் உடம்பு உதறும். அதிகாலை மூன்று மணிக்குக் கழிவறைக்கு எழுந்து, சில்லென்ற தரையில் கால் வைக்கும் தாத்தாவை நினைத்துப் பாருங்கள். வாடகை வீட்டை முன்பதிவு செய்யுமுன் ‘படுக்கையறையில் சூடேற்றி உண்டா?’ என்று கேளுங்கள். அவருக்குக் கனமான காலுறை, உள்ளே போட ஒரு வெப்ப உடை இரண்டும் போதும். பெட்டியில் பெரிய இடம் பிடிக்காது.

ஜூனில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். வடக்கே பின்னக்கல்ஸ் பாறைகளைப் பார்க்கக் கார் ஓட்டிப் போவோர் திரும்பும் நேரத்தை இதை வைத்தே கணக்கிட வேண்டும். கங்காருகள் சாலைக்கு வருவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான்.

டாக்டர் வரும் நேரம்

டிசம்பர் முதல் பிப்ரவரிவரை கதையே வேறு. ஜனவரி, பிப்ரவரியில் பகல் உச்சம் சராசரியாக 31 டிகிரி. ‘நமக்குப் பழகியதுதானே’ என்று தோன்றும். ஆனால் சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆக அதிக வெப்பநிலை 37 டிகிரி. பெர்த்தில் 1991 பிப்ரவரி 23ஆம் தேதி 46.2 டிகிரி பதிவானது. 2022 ஜனவரியில் தொடர்ந்து ஆறு நாள் 40-ஐத் தாண்டியது.

அது வறண்ட வெப்பம். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. குழந்தைகளும் முதியவர்களும் தாகம் என்று சொல்லும்வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கோடையில் காலை நேரம் பாலைவனப் பக்கமிருந்து கிழக்குக் காற்று வீசும். நிலம் சூடேறியதும், நண்பகலுக்குப் பிறகு கடலிலிருந்து தென்மேற்குக் காற்று உள்ளே வரும். துறைமுக நகரமான ஃபிரிமேன்டல் பக்கமிருந்து வந்து வெப்பத்தைத் தணிப்பதால் இதற்கு ‘ஃபிரிமேன்டல் டாக்டர்’ என்று பெயர். ஊர்க்காரர்கள் இந்த டாக்டரைப் பார்த்துத்தான் நாளைத் திட்டமிடுகிறார்கள். கடல் அமைதியாக இருக்கும் காலையில் கொட்டஸ்லோ கடற்கரை, ராட்நெஸ்ட் தீவுக்குப் படகு. மணல் முகத்தில் அடிக்கும் பிற்பகலில் வேறு வேலை.

ஒரே எச்சரிக்கை, டாக்டர் வெப்பத்தைத்தான் குறைப்பார்; புற ஊதாக் கதிர்களை அல்ல. குளுகுளுவென்று காற்று வீசும்போதே தோல் கருகிவிடும். உலகிலேயே தோல் புற்றுநோய் மிக அதிகமுள்ள நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. ‘நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கையை வீட்டிலேயே விட்டுவிட்டு, தொப்பியையும் சன்ஸ்கிரீனையும் எடுத்துச் செல்லுங்கள். கடலில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும் இறங்குங்கள்.

அவர்களுக்கும் ஆறு பருவம்

அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் ஆண்டை நான்காக அல்ல, ஆறாகப் பிரிக்கிறார்கள். பிராக், புனுரு, ஜெரான், மக்குரு, ஜில்பா, கம்பராங். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளியில் படித்தோமே, அதே ஆறு. ஏறக்குறைய இரண்டிரண்டு மாதங்கள்தான் அங்கும். எந்தப் பூ பூக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்த்து அவர்கள் பருவத்தை அறிகிறார்கள். பயணத்துக்கு அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஜூன், ஜூலை ‘மக்குரு’, குளிரும் மழையும். ஆகஸ்ட், செப்டம்பர் ‘ஜில்பா’, மழையும் வெயிலும் மாறி மாறி வரும். கிங்ஸ் பார்க்கில் காட்டுப்பூக்கள் மலரும். அக்டோபர், நவம்பர் ‘கம்பராங்’, பூக்கள் எங்கும். பகல் உச்சம் 23 முதல் 27 டிகிரி. செப்டம்பர் முதல் நவம்பர்வரை கடலில் திமிங்கிலங்களையும் பார்க்கலாம். ஏப்ரல், மே ‘ஜெரான்’, கோடை தணிந்த இதமான மாதங்கள்.

அப்படியானால் ஜூனில் போகலாமா? இளையர்கள் தாராளமாகப் போகலாம், நல்ல ஜாக்கெட்டோடு. பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாத தம்பதியர் ஏப்ரலையோ அக்டோபரையோ தேர்ந்தெடுக்கலாம். விடுமுறைக் காலத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து போவதாக இருந்தால், ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும் நவம்பர் பிற்பகுதிதான் என் பரிந்துரை. கடும் கோடை இன்னும் வந்திருக்காது, கிறிஸ்துமஸ் கூட்டமும் இருக்காது.

பெற்றோரோடு இப்படி ஒரு பயணம் பல குடும்பங்களில் ஒருமுறைதான் அமைகிறது. அந்த ஒரு வாரத்தை அம்மா போர்வைக்குள் கழித்தால், மலிவு டிக்கெட்டில் மிச்சப்படுத்திய 100 வெள்ளிக்கு என்ன மதிப்பு? தேதியை முடிவு செய்யுமுன் விலையை மட்டுமல்லாமல், அம்மாவின் முழங்கால் வலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.