சாப்பாட்டுத் தட்டும் மதிப்பெண் பலகையும்

கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட ஒரு தட்டு. பல வடிவ உணவுத் துண்டுகளை ‘டெட்ரிஸ்’ போல அதில் அடுக்க வேண்டும். பசியும் தீர வேண்டும். அன்றைய உணவு வரம்பையும் தாண்டக்கூடாது.

‘கன்ஸ்யூம் மீ’ என்ற கணினி விளையாட்டில் வரும் மதிய உணவு வேளை இது. அமெரிக்காவின் ஜென்னி ஜியாவ் ஷியா தமது பதின்ம வயது அனுபவத்தைக் கருவாகக் கொண்டு, ஏ.பி. தாம்சனுடன் சேர்ந்து இதை உருவாக்கினார். தனிப்பட்ட படைப்பாளர்களின் விளையாட்டுகளுக்கான ‘ஐஜிஎஃப்’ விழாவில் 2025ல் ஆக உயரிய விருது இதற்குக் கிடைத்தது.

கதாநாயகி உயர்நிலைப் பள்ளி மாணவி. எடையைக் குறைகூறும் அம்மா, படிப்பு, காதல் என எல்லாவற்றையும் சமாளித்தபடி உடல் மெலியப் பாடுபடுகிறாள்.

உண்ணும் பழக்கக் கோளாறு பற்றிப் பேச விளையாட்டு எதற்கு என்று கேட்கலாம். “பட்டினி கிடக்காதீர்” என்று துண்டுப் பிரசுரம் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். விளையாட்டிலோ முடிவெடுப்பது நாமே. கணக்கு சரியாக வந்ததும் நமக்கே மகிழ்ச்சி பிறக்கிறது. நோயின் பிடி இறுகுவது அந்த மகிழ்ச்சியில்தான். ‘ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பது அப்போது புரியும்.

ஆனால் இதே உத்தியில் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே கலோரி எண்ணி வாடுபவருக்கு, எச்சரிக்கையாகக் காட்டப்படும் கணக்கே பாடமாகிவிடக்கூடும். மனநோய்களில் உயிரிழப்பு விகிதம் மிக அதிகமுள்ளவற்றில் ‘அனோரெக்ஸியா’வும் ஒன்று என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஆஸ்ட்ரிட் என்ஸ்லின் வழிநடத்திய ‘ரைட்டிங் நியூ பாடிஸ்’ ஆய்வுத் திட்டம் வேறு வழியை நாடியது. முதலில் இளம்பெண்கள் உள்ளிட்டோரைப் பயிலரங்குகளுக்கு அழைத்து, உடல் தோற்றம் பற்றிய அவர்களின் கவலைகளைக் கேட்டனர். அவற்றின் அடிப்படையில் எழுத்தாளர் கிறிஸ்டின் வில்க்ஸ், வாசகரின் தேர்வுக்கேற்ப நகரும் மின்புனைவை உருவாக்கினார். இங்கு கவனம் எண்களின் மீதன்று. மனத்துக்குள் ஒலிக்கும் குரல்களின் மீது.

உடலுக்கு மதிப்பெண் போடுவது சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1992ல் பள்ளிகளில் தொடங்கிய ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தில், எடை கூடிய மாணவர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டு உடற்பயிற்சி செய்தனர். அது கேலிக்கு வழிவகுத்ததாகக் குறைகூறல்கள் எழுந்தன. 2007ல் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அந்த வேலையைக் கைப்பேசிச் செயலிகள் செய்கின்றன. விசேஷ வீடுகளில் “என்ன, இப்படிக் குண்டாயிட்டே?” என்று கேட்கும் உறவினர்களும் குறையவில்லை.

ஆகவே, இத்தகைய கதைகள் நோயாளிகளைவிட அவர்களைச் சுற்றியுள்ள நமக்கே அதிகம் பயன்படும். அவை சிகிச்சைக்கு ஈடாகா. நண்பர் ஒருவர் தொடர்ந்து உணவைத் தவிர்த்தாலோ, சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓடினாலோ, எடையைப் பற்றிப் பேச்செடுக்காமல் “எப்படி இருக்கே?” என்று கேளுங்கள். பள்ளி ஆலோசகரிடம் உடன் செல்லுங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது.