உள்ளங்கை அளவு

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, "எனக்கு என்னண்ணே எழுத வரும்?" என்றுதான் சொன்னேன். இளைஞர் சக்தி, வரதட்சணைக் கொடுமை, நதிநீர் இணைப்பு இதெல்லாம் நம்மில் நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று, துப்பாக்கி. பயந்துவிடாதீர்கள், சுடச் சொல்லி எழுதவில்லை. அதற்குள் மருந்து நிரப்புவதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் கொல்லிமலைக்காரன். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேட்டில் இறங்கி, அப்புறமும் நடக்க வேண்டிய ஊர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். போன வருஷம் பொங்கல் லீவுக்குப் போனபோது தாய்மாமன் என்னைத் தனியாக மிளகுக்கொடிப் பக்கம் கூட்டிப்போனார். வேட்டி மடிப்பிலிருந்து சின்னதாக ஓர் இரும்புத் துண்டை எடுத்துக் காட்டினார். நாட்டுத் துப்பாக்கியில் கேப்பு மாட்டுகிற நிப்பிள். மரை தேய்ந்து போயிருந்தது.

"மாப்ளே, நீ லேத்துல வேல பழகுறியாமில்ல? இதே மாதிரி ஒண்ணு கடஞ்சு கொண்டாந்துரு. ராத்திரியில பன்னி வந்து குச்சிக்கிழங்கு பூராத்தையும் நோண்டிப் போட்டுட்டுப் போவுது."

மாமனிடம் முடியாது என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. என் முதல் வருஷ ஃபீஸ் அவர் மிளகு விற்ற காசு. பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். (இதைப் படித்துவிட்டு யாரும் எங்கள் வீட்டைத் தேடி வர வேண்டாம். அந்தத் துப்பாக்கி இப்போது மாமனிடம் இல்லை. அது எப்படிப் போனது என்று பின்னால் சொல்கிறேன்.)

நாட்டுத் துப்பாக்கியை நிரப்புவதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். குழாயின் வாய்வழியாகத்தான் எல்லாம். கரிமருந்து, அதன்மேல் தேங்காய் நார், அப்புறம் ரவை, மறுபடி நார், கம்பியால் இடி. மருந்துக்கு அளவு என்ன? தாத்தா உள்ளங்கையைக் குழித்து அதில் ரவையைப் போடுவார். அதை மூடுகிற அளவுக்கு மருந்தைக் கொட்டுவார். அதுதான் அளவு. பல வருஷம் அந்த அளவு தப்பவில்லை. ஒருநாள் கரிமருந்து கிடைக்காமல் யாரோ கொடுத்த வேறு மருந்தை வாங்கி வந்தார். மருந்து வேறு, அளவு மட்டும் பழைய உள்ளங்கை அளவு. குழாய் பிளந்துவிட்டது. அதற்கப்புறம் சாகும்வரை தாத்தாவின் இடது கையில் மூன்று விரல்தான்.

எங்கள் ஊரில் அதை 'சாமி குத்தம்' என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், என்.சி.சி.யில் சேரும்வரை.

முதல்முறை .22 ரைபிளில் சுட்ட அன்று, எங்களுக்கு ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. நான் ஹவில்தாரிடம், "இத மறுபடி நிரப்ப முடியாதா சார்?" என்று கேட்டேன். பசங்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. .22-ல் பற்றவைக்கிற மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி குத்தி விளிம்பு நசுங்கினால் அது முடிந்தது, என்றார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கினாரே, கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஸ்வப்னில் குசாலே, அவர் சுட்டதும் இந்த .22-தான். ஆனால் பெரிய ரைபிள்களில் கேப்பு அடிப்பக்கத்து நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றிப் புதிது போடலாம். வெளிநாடுகளில் 300 மீட்டர், அதற்கும் மேலே குறிபார்த்துச் சுடுகிறவர்கள் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்களாம்.

அப்புறம் இதைப் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம், பாதி நம் பாடம்தான்! தோட்டாவின் கூடு பித்தளை, 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது அது விரிந்துவிடும். டை ஒன்றில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நீளம் கூடியிருந்தால் வெர்னியர் வைத்துப் பார்த்து வெட்ட வேண்டும். நாலைந்து தடவை விரிந்து சுருங்கினால் கழுத்து இறுகி வெடிக்கும். ஒர்க் ஹார்டனிங்! இரண்டு மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். அதற்கு மருந்து அனீலிங். அதுவும் நமக்குத் தெரியும்.

மருந்தை நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம், ஆசாரி தங்கம் நிறுக்கிற குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்கு காட்டுகிற தராசு வேண்டும். ஏன் இவ்வளவு நுணுக்கம்? .308 மாதிரி ஒரு தோட்டாவுக்குள் எழுகிற அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு அளவுக்குப் போகிறது. பைக் டயருக்கு நாம் அடிக்கிற காற்று 30 பவுண்டு சொச்சம். புகையில்லா மருந்து, கரிமருந்தைவிட அதே இடத்தில் பல மடங்கு சக்தியை அடைத்துக்கொண்டிருக்கிறது. தாத்தாவின் விரல் எங்கே போனது என்று அந்தப் பக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு அந்தப் புத்தகம் சொல்கிற புத்தி, மருந்து தயாரித்த கம்பெனியின் அட்டவணையில் இருக்கிற ஆகக் குறைந்த அளவில் தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, உச்சத்தைத் தாண்டாதே. மேசைமேல் ஒரே சமயத்தில் இரண்டு வகை மருந்து இருக்கக் கூடாது. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார், இரண்டு தடவை விழுந்திருந்தால் ரைபிள் போகும், நீயும் போவாய். என்ன நிரப்பினாய் என்று நோட்டில் தேதி போட்டு எழுது.

உடனே யாரும் கிளம்பிவிடாதீர்கள். நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. துப்பாக்கியோ தோட்டாவோ லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். லேத்தில் ஒரு நிப்பிள் கடைவது சும்மா வெளிவேலை மாதிரித்தான் தெரியும். மலையிலிருந்தும் காட்டோரக் கிராமங்களிலிருந்தும் வந்து இங்கே படிக்கிற நம்மை நாளைக்கு யாராவது ஒரு மாமன், சித்தப்பன் கேட்கத்தான் போகிறார்கள். கடைந்து கொடுக்காதீர்கள். ஜெயிலுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. நாம் கடைந்து கொடுப்பது அளவாக இருக்கும், அதை நிரப்பப் போகிறது உள்ளங்கை.

அதற்காக எங்கள் சனம் துப்பாக்கியைத் தொடவே லாயக்கில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவன் ஓரி என்று புறநானூறு பேசுகிற மலை இது. ஆடிப் பதினெட்டை ஒட்டி செம்மேட்டில் அரசாங்கமே வல்வில் ஓரி விழா எடுக்கிறது, வில்வித்தைப் போட்டி வைக்கிறது. பக்கத்து மாநிலத்தில் குடகர்கள் கைல் போல்து பண்டிகைக்கு ஊர்கூடித் தேங்காயைக் குறிவைத்துச் சுடுகிறார்கள், பெண்கள் உட்பட. அங்கே அது திருவிழா. எங்கள் மலையில் துப்பாக்கி என்றாலே கேஸ். ஓரி விழாப் பந்தலுக்குப் பக்கத்திலேயே ஓர் ஏர் ரைபிள் போட்டி வைத்தால் என்ன? மலைப் பள்ளிக்கூடத்துக்கு நாலு ஏர் ரைபிள், சொல்லிக்கொடுக்க ஓர் ஆள், பின்னால் ஒரு மண்மேடு. பெரிய செலவா இது?

பன்றிப் பிரச்சினைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. 2025-இல் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் வனத்துறைப் பயிற்சி ஆட்கள் சுடலாம். எங்கள் ஊரில் காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் நடந்தால் அடுத்த காடு வந்துவிடும்!

நிப்பிளை நான் கடையவில்லை. சித்திரையில் திருப்பிக் கொடுத்தேன். "இதுக்குத்தான் படிக்க வெச்சமா?" என்றார் மாமன். மூன்று மாதம் பேசவில்லை. அப்புறம், கொண்டுவந்து ஒப்படைத்தால் கேஸ் இல்லை என்று போலீஸ்காரர்கள் ஊர் ஊராகச் சொல்லிப்போனபோது, ராத்திரியோடு ராத்திரியாகத் துப்பாக்கியை மந்தையில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். அத்தைதான் சொன்னது. என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆடிக்குப் போயிருந்தேன். நான் .22-இல் சுட்ட குறி அட்டையை அத்தையிடம் காட்டிக்கொண்டிருந்தபோது மாமன் எட்டி வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஐந்து ஓட்டையையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"நாலு சரி. இது ஏன்டா வெலகிப் போச்சு? மூச்ச விட்டுட்டியா?"

மூச்சை விட்டுவிட்டேன் என்பது உண்மைதான். எப்படிக் கண்டுபிடித்தாரோ!