பழைய தேக்கா, புது மரமா?

கட்டிலோ, கிரைண்டரோ, எதை வாங்கக் கிளம்பினாலும் நம் வீடுகளில் ஒரு குரல் எழும்: "அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா?" சகோதரிகளே, எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு இம்முறை ஒரு மரக் காமிராவுக்காக எழுந்தது.

என் அண்ணன் மகளுக்குப் போட்டோ என்றால் உயிர். கைபேசியில் நூறு படம் எடுப்பதைவிட, முக்காலி மேல் பெட்டியை வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, நிதானமாக ஒரே ஒரு படம் எடுக்க வேண்டுமாம். நம் பெற்றோர் காலத்துக் கல்யாண குரூப் போட்டோவை ஸ்டுடியோக்காரர் எடுத்தாரே, அதே மாதிரிப் பெட்டிதான். இதற்காக இரண்டு வருஷம் ரெக்கரிங் டெபாசிட் கட்டியிருக்கிறாள். அண்ணியோ, "அதில் ஒரு ஜோடி வளையல் வாங்கி வைத்தால் நாளைக்கு உதவுமே!" என்கிறார். காமிரா சரியில்லை என்றால் பணமும் போச்சு, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டவும் ஒன்று ஆச்சு. "அத்தை, நீங்களும் கூட வாங்க" என்றாள். போனேன்.

பழைய காமிராவின் அழகு இருக்கிறதே, அது தனிதான். கேரளத்து ஆலப்புழையில் வாகீஸ்வரி என்ற பெயரில் மரக் காமிராக்கள் செய்தார்கள். தேக்கும் பித்தளையுமாக, பூஜைச் சாமான் மாதிரி பளபளக்கும். கடையில் இருந்ததும் அந்த ஜாதிதான். ஆனால் பளபளப்பைப் பார்த்து விலை பேசிவிடக் கூடாது. கையில் டார்ச் லைட் இருந்தால் பாதிப் பரீட்சையை நாமே செய்துவிடலாம்.

முதலில் துருத்தி. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் கறுப்புப் பகுதி அது. அதை முழுக்க இழுத்து, இருட்டறையில் உள்ளே டார்ச்சைப் பிடியுங்கள். மடிப்பின் மூலைகளில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால், அத்தனை வழியாகவும் ஃபிலிமில் வெளிச்சம் படும். ஒன்றிரண்டு ஓட்டையை ஒட்டிச் சமாளிக்கலாம். நாங்கள் பார்த்த காமிராவிலோ வானத்து நட்சத்திரம் மாதிரி தெரிந்தது! அப்படியானால் துருத்தியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மரம். பொடிப்பொடியாய்த் துளையும், கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் உளுத்துவிட்டது என்று அர்த்தம். திருகுகளை முடுக்கிவிட்டு முன்பலகையை விரலால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் படமும் ஆடும். பிறகு லென்ஸ். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சை. பழைய ஸ்டுடியோ லென்ஸ் பலவற்றில் ஷட்டரே கிடையாது. மூடியைக் கழற்றி மாட்டுவதுதான் கணக்கு. இன்றைய வேகமான ஃபிலிமுக்கு வெயிலில் அது சரிப்படாது.

பலரும் கவனிக்காதது அளவு. பழைய பெட்டிகளில் நிறைய, 'ஹாஃப் பிளேட்' என்ற 4¾ x 6½ அங்குலம், அல்லது 'ஃபுல் பிளேட்' என்ற 6½ x 8½ அங்குலம். இன்று சுலபமாகக் கிடைக்கும் ஷீட் ஃபிலிம் 4 x 5 அங்குலம். பெட்டியோடு அதற்கே உரிய ஸ்லைடும் இல்லையென்றால், மூடி தொலைந்த குக்கர் கதைதான். இந்தக் கடையில் ஸ்லைடு ஒன்றுகூட இல்லை.

புதியது எப்படி? இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தில் 2014ல் தொடங்கிய 'இன்ட்ரெபிட்' போன்றவர்கள் 4 x 5 மரக் காமிரா செய்கிறார்கள். பிர்ச் மரத்து பிளைவுட். எடை ஒன்றேகால் கிலோ அளவுதான். ஒரு பெண் தனியாகத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம். பொதுவான ஃபிலிம் ஹோல்டர் எதுவும் பொருந்தும். குறையும் உண்டு. தேக்கின் கம்பீரம் வராது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கவரியும் சேரும். லென்ஸும் ஹோல்டரும் தனியாக வாங்க வேண்டும். ஒரு ஹோல்டரில் இரண்டே படம். ஆகவே மாதச் செலவுக் கணக்கில் ஃபிலிமுக்கும் ஒரு வரி எழுதச் சொன்னேன்.

கடைசியில் பெட்டி புதிது, லென்ஸ் பழசு என்று முடிவானது. பூஞ்சை இல்லாமல், ஷட்டர் ஒழுங்காக ஓடுகிற லென்ஸாகப் பார்த்து எடுத்தோம். லென்ஸ் நன்றாக இருந்தால் அதற்கு வயசு ஒரு குறையே இல்லை. அண்ணியும், "சரி, வளையல் அடுத்த வருஷம்" என்று இறங்கி வந்தார்.

வீட்டிலேயே படம் கழுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெவலப்பரும் ஹைப்போவும் சமையல் பாத்திரத்தின் பக்கமே வரக்கூடாது. தட்டு, கரண்டி எல்லாம் தனி. டெவலப்பரில் உள்ள மெட்டால் சிலர் கையில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும், கையுறை அவசியம். அறையில் காற்று ஓடட்டும். கலக்கிய மருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

இனி, உங்கள் வீட்டுப் பரணிலேயே தாத்தா காலத்துப் பெட்டி கிடந்தால்? அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். துருத்தியும் ஸ்லைடும் நன்றாக இருந்தால், ஃபிலிம் கிடைக்காத அளவானாலும் வழி உண்டு. கறுப்பு வெள்ளைப் போட்டோ பேப்பரைச் சிவப்பு விளக்கில் அளவாக வெட்டி, ஃபிலிமுக்குப் பதில் வைக்கலாம். அதற்கு வேகம் மிகக் குறைவு. நிழலில் சில விநாடி ஆகும் என்பதால் மூடியைக் கழற்றி மாட்டுகிற பழைய முறையே போதும். காசு கொடுத்து வாங்குவதானால் கணக்குப் பாருங்கள். வீட்டில் இருப்பதானால் முதலில் டார்ச்சை எடுங்கள்.