பத்து நிமிஷத்து மலை

ராயகிரிக்காரனிடம் போய், "மலை பார்க்கக் காசு கொடுத்துப் போகலாம், வருகிறாயா?" என்று யாராவது கேட்டால் அவன் சிரிப்பான். வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கும்போதே மேற்கே மலை நிற்கும் ஊர் அது. முகட்டில் மேகம் இறங்கியிருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் நெல் அவிக்கலாமா, நாளைக்குத் தள்ளிப்போடலாமா என்று தீர்மானிப்பார்கள். "மலை கறுத்திருக்கு" என்று ஒருவர் சொன்னால் அது வர்ணனை அல்ல. குளத்துக்குத் தண்ணீர் வரப்போகிறது என்ற செய்தி. மலை எங்களுக்கு அழகான பொருளாக ஒருபோதும் தோன்றியதில்லை. அது ஊரிலே மூத்த ஆள். அதன் முகத்தைப் பார்த்து நடந்து கொள்வோம், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஊரிலே பிறந்த நானும் ஒரு நாள் காசு கொடுத்து மலை பார்க்கப் போனேன். 2023-ம் வருஷம் அது. அக்காளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தபோது அத்தான் ஒரு துண்டு நோட்டீஸை என் கையில் திணித்தார்.

"ஒரே நாளில் ஏழு இடம், மாப்பிள்ளை! காப்பி, பலகாரம், மத்தியானச் சாப்பாடு, கூட வந்து விளக்கிச் சொல்ல ஒரு பையன், எல்லாம் அந்தப் பணத்துக்குள்ளேயே."

மணிமுத்தாறு அணை, மணிமுத்தாறு அருவி, மாஞ்சோலை, நாலுமுக்கு, குதிரைவெட்டி, பாபநாசம் அகஸ்தியர் அருவி, குற்றாலம் என்று ஏழும் வரிசையாக அச்சாகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் போட்டிருந்தார்கள். என் அத்தைமகன் கல்யாணப் பத்திரிகையில்கூட அத்தனை கண்டிப்பாக முகூர்த்தம் குறிக்கவில்லை.

ஏற்பாடு செய்தவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். காப்பி சூடாக இருந்தது. என் சண்டை அவர்களோடு அல்ல. அந்தக் காரிலே உட்கார்ந்திருந்த என்னோடும், என் போன்றவர்களோடும்தான்.

விடியுமுன் புறப்பட்டோம். மூன்று கார்களில் பதினைந்து பேர். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ஓடி, கடையம் வழியாக அம்பாசமுத்திரம் போனோம். கடையத்தைக் கடக்கும்போது, "இங்கே பார்க்க ஏதாவது இருக்கா தம்பி?" என்று பின்னால் ஓர் அம்மாள் கேட்டாள். "ஒண்ணும் இல்லேம்மா" என்றான் வழிகாட்டிப் பையன். புதுவையிலிருந்து வந்து, சிறையிலிருந்து வெளிப்பட்ட பாரதி, 1918 கடைசியிலிருந்து 1920 வரை குடியிருந்த ஊர் அது. செல்லம்மாளின் பிறந்த ஊர். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் குற்றவாளி நானே.

மணிமுத்தாறு அணையிலே பத்து நிமிஷம். 1958-ல் கட்டி முடித்த அணை, 118 அடி. அருவியிலே அரை மணி. பிறகு வனத்துறைச் சாவடியில் சீட்டைக் காட்டிவிட்டு மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. காடு சட்டென்று முடிந்து தேயிலைச் சரிவு கண்ணில் பட்டதும் எல்லாரும் ஒரே குரலில் "ஆ!" என்றார்கள். நானும் சொன்னேன். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது என்று அத்தான் சொன்னார். தமிழ்நாட்டில் தேயிலையைப் பார்த்த எவரும் இதைத் தவிர வேறு எதையும் சொல்லிக் கேட்டதில்லை.

சரிவிலே பெண்கள் கொழுந்து எடுத்துக் கொண்டிருந்தார்கள். இடுப்பிலே சாக்குப் படங்கு, தலையிலே துணி. எங்கள் கூட்டம் கார்களிலிருந்து குதித்துப் படம் எடுக்க ஆரம்பித்தது. ஒருத்தியிடம், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்று ஒருவர் கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், சிரிக்கவில்லை, மறுபடியும் குனிந்து கொண்டாள். "பத்து நிமிஷம் ஆச்சு சார்" என்றான் பையன். ஏறிக் கொண்டோம்.

அந்தப் பச்சைக் கம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை, புல் அல்ல, செடிகூட அல்ல. அதை விட்டுவிட்டால் மரமாகிவிடும். அது இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம், சில வருஷங்களுக்கு ஒரு முறை கவாத்து வெட்டுகிறவனும், பத்து நாள் பதினைந்து நாளைக்கு ஒரு முறை வந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறவளும்தான். மலைச்சரிவு முழுக்க மட்டம் பிடித்தாற்போல் சமமாக இருக்கிறதே, அந்தச் சமம் இயற்கை அல்ல, கை. இயற்கை அழகைப் பார்க்க வந்தோம் என்று சொல்லிக் கொண்டு நாம் பார்த்து வியந்தது, அட்டைக் கடியிலும் மழையிலும் நாலு தலைமுறையாக ஜனங்கள் செய்த வேலையை. வேலையை வியந்துவிட்டு வேலை செய்தவளைச் சிரிக்கச் சொன்னோம்.

அந்த ஜனங்கள் யார்? 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன்தார் இந்த மலையில் 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு விட்டார். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டார்கள். கீழே நிலமில்லாதவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், மேலே ஏறினார்கள். ஜமீன்கள் ஒழிந்தன, குத்தகை ஒழியவில்லை. லைன் வீடுகளில் பிறந்து, லைன் வீடுகளில் கல்யாணம் செய்து, வேலை ஓய்ந்த அன்றைக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டிய வாழ்க்கை. சொந்தமென்று ஒரு குழி நிலம் அந்த மலையில் அவர்களுக்குக் கிடையாது.

இதே மக்கள் 1999-ம் வருஷம் ஜூலை 23-ம் தேதி, கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைபட்டிருந்த தங்கள் ஆட்களை விடுவிக்கக் கேட்டும், திருநெல்வேலிக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடந்தது. அடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கினார்கள். அன்றைக்கு இறந்தவர்கள் 17 பேர். பெண்கள் உண்டு, ஒரு குழந்தையும் உண்டு. மாஞ்சோலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாகி இறங்கித் தாமிரபரணியில் கலந்து அந்தக் கொக்கிரகுளம் வழியாகத்தான் ஓடுகிறது. தாங்கள் வேலை செய்த மலையின் தண்ணீரிலேயே அவர்கள் போனார்கள்.

எங்கள் பதினைந்து பேரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? திருநெல்வேலிச் சீமையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். குதிரைவெட்டியில் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தபோது நான் மெதுவாக இந்தப் பேச்சை எடுத்தேன். கூட வந்த ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் முகம் சுளித்தார்.

"சந்தோஷமாக ஒரு நாள் இருக்கலாம் என்று வந்திருக்கிறோம். இங்கேயும் வந்து அழுகைக் கதை எதற்கு ஐயா? எழுதுகிறவர்களுக்கு இதே வியாதி."

அவர் சொன்னதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. வருஷம் முழுக்க உழைத்தவனுக்கு ஒரு நாள் குளிர்ந்த காற்று வேண்டும்; குழந்தைகளுக்கு அருவி வேண்டும். மலைக்குப் போகிறவன் எல்லாம் கையில் கறுப்புக் கொடியோடு போக வேண்டும் என்று நான் சொன்னால் என்னை மலையிலிருந்து உருட்டி விடலாம். ஆனால், ஒன்று கேட்கிறேன். தஞ்சாவூருக்குப் போகிறோம். கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்று வழிகாட்டி சொன்னால், "கதை எதற்கு?" என்று யாராவது கோபித்துக் கொள்கிறார்களா? கட்டியவன் பெயர் தெரிந்தால் கல்லின் அழகு கூடுகிறது. தேயிலைச் சரிவை உண்டாக்கியவர்களின் கதையைச் சொன்னால் மட்டும் அழகு கெட்டுப் போகுமென்றால், நாம் ரசித்தது அழகையா, மறதியையா?

இந்தச் சீமைக்கு வழிகாட்டிகள் புதிதும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் ஒரு வழிகாட்டியைப் படைத்தார். வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வந்த குறத்தி முதலில் தன் மலையைப் பற்றிச் சொல்கிறாள். குரங்கைச் சொல்கிறாள், தேனைச் சொல்கிறாள், அருவியைச் சொல்கிறாள். சொல்லி முடிக்கும்போதெல்லாம் அது தங்கள் மலை என்கிறாள். எல்லா அழகும் அந்த உரிமைக் குரலில் இருக்கிறது. மலையில் இருப்பவள் பேசினாள். கீழே இருப்பவள் கேட்டாள். இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. மலையில் இருப்பவள் வாய் மூடிக் குனிந்திருக்கிறாள், கீழேயிருந்து போனவன் கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த இடம்!" என்கிறான்.

இது மாஞ்சோலையோடு நிற்கிற விஷயமுமல்ல. இலங்கையில் நானுஓயாவிலிருந்து எல்ல வரையில் போகும் ரயிலில், உலகமெங்குமிருந்து வருகிறவர்கள் படியில் தொங்கிக் கொண்டு படம் எடுக்கிறார்கள். அந்தச் சரிவுகளை உண்டாக்கிய தமிழர்களின் குடியுரிமையை 1948-ல் சட்டம் போட்டுப் பறித்தார்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று எண்ணிக்கை போட்டுப் பங்கு பிரித்தார்கள். இதே திருநெல்வேலி மண்ணிலிருந்து அந்தத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதியைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்று எழுதி வைத்தார். அந்தக் கதையைப் படித்துக் கண்ணீர் விட்ட வாசகர்கள் என்னோடு காரில் இருந்தார்கள், நானும் இருந்தேன். புத்தகத்தில் வந்தால் அழுவோம்; எதிரே நின்றால் படம் எடுப்போம். நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டியதில்லை.

பாபநாசத்தில் குளித்து, குற்றாலத்தில் இன்னொரு முறை குளித்து, பிரானூரில் புரோட்டாவும் தின்றாயிற்று. ஊர் திரும்பும்போது எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பையன் முன் ஸீட்டில் என் பக்கத்தில் இருந்தான்.

"நீங்க குதிரைவெட்டியில சொன்னது சரிதான் சார்" என்றான் தானாகவே.

"உனக்குத் தெரியுமா தம்பி?"

"எங்க ஆச்சி நாலுமுக்குல கொழுந்து எடுத்தவங்கதான். தொண்ணூத்தொம்பதுல அந்த ஊர்வலத்துக்கு ஆச்சியும் போயிருந்தாங்க. கரையிலேயே நின்னுட்டதால தப்பிச்சாங்க."

"அப்படியானால் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?"

"முதல்ல ஒரு தடவை சொன்னேன் சார். வந்தவங்களுக்குப் பிடிக்கல. மொதலாளிகிட்ட சொல்லிட்டாங்க. 'பத்து நிமிஷம் நிறுத்து, படம் எடுக்க விடு, ஏத்து. மத்தது உனக்கெதுக்கு?'ன்னாரு."

குறத்தியின் பேரன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தன் மலை என்று சொல்லக் கூடிய ஒருவனைப் பன்னிரண்டு மணி நேரம் கூட வைத்துக் கொண்டு, அவனைக் கடிகாரமாக உபயோகித்திருக்கிறோம். அவன் வாயைக் கட்டியது முதலாளி அல்ல. காசு கொடுத்துவிட்டு முகம் சுளித்தோமே, நாம்தான்.

மறு வருஷம், 2024 ஜூனில், கம்பெனி தோட்ட வேலையை நிறுத்தியது. குத்தகை 2028-ல் முடிகிறது. நிலமோ புலிகள் காப்பகத்துக்குள் இருப்பது. ஜனங்கள் விருப்ப ஓய்வுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுவாழ்வு கேட்டு வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. காடு மறுபடி காடாக வேண்டும் என்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. மலைக்குக் காடு வேண்டும். காடு இருந்தால்தான் ஆறு இருக்கும். இது ராயகிரிக்காரனுக்குப் பாடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 95 வருஷம் அந்த மண்ணில் குனிந்தவர்கள் இறங்கும்போது, "இவர்கள் யார், எங்கே போகிறார்கள்?" என்று கீழே இருக்கிற நாம் கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. நம்மைப் பொறுத்தவரை அங்கே எப்போதுமே ஜனங்கள் இருந்ததில்லை; காட்சி மட்டுமே இருந்தது. ஒரு நாள் உல்லாசப் பயணத்தின் உண்மையான தீங்கு இதுதான். அது பொய் சொல்வதில்லை. ஆளில்லாத மலையைப் பார்க்கக் கண்ணைப் பழக்கிவிடுகிறது. பழகிய கண், ஆட்கள் உண்மையிலேயே இல்லாமற் போகும்போது எதையும் கவனிப்பதில்லை.

ஆகையால் மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள், குளியுங்கள், புரோட்டாவும் தின்னுங்கள். ஏழு இடத்தை மூன்றாகக் குறையுங்கள். வழிகாட்டியிடம், "நீ எந்த ஊர் தம்பி?" என்று முதலில் கேளுங்கள். இந்தச் சரிவை உண்டாக்கியவர்கள் யார் என்று கேளுங்கள். அவன் சொல்ல ஆரம்பித்தால் முகம் சுளிக்காதீர்கள். தோட்டத்திலிருந்து இறங்கிய மக்களில் எத்தனையோ பேருக்கு அந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரியும். மலையைக் காட்டும் வேலையை அவர்களுக்குக் கொடுக்கும்படி வனத்துறையையும் சுற்றுலாக்காரர்களையும் நாம்தான் கேட்க வேண்டும். காசு கொடுப்பவன் கேட்டால் நடக்கும்.

படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு சேதி உண்டு. கிள்ள ஆளில்லாத தேயிலை மட்டமாக நிற்காது. கம்பளம் கலைந்து மரமாக எழும்பத் தொடங்கும். அதைப் பார்த்து, "முன்னே எவ்வளவு அழகாக இருந்தது!" என்று யாராவது உங்கள் பக்கத்தில் நின்று சொன்னால், முன்னே அங்கே யார் இருந்தார்கள் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் போதும்.