காற்று வந்த பின்பா கம்பி இழுப்பது?

வைகாசி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வேகமெடுக்கும். முப்பந்தல் முதல் கயத்தாறு வரை காற்றாலைகளின் இறக்கைகள் ஆவணி கடந்தும் ஓயாமல் சுற்றும். ஓட வேண்டிய அந்தப் பருவத்திலேயே சில நாள்களில் அவற்றை நிறுத்தி வைக்கும்படி கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வருகிறது. மின்சாரத்தின் தேவை குறைந்த நேரத்தில் நிறுத்துவதையாவது புரிந்துகொள்ளலாம். கொண்டுபோகப் பாதை போதவில்லை என்று நிறுத்துவது, விளைந்த நெல்லை வண்டி இல்லாமல் களத்திலேயே மக்க விடுவதற்குச் சமம்.

இந்த நிலை ஏன் வருகிறது? ஆலை எழும் வேகமும் பாதை எழும் வேகமும் ஒன்றல்ல. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016-இல் எட்டே மாதங்களில் எழுந்தது. ஓர் உயரழுத்த மின்பாதைக்கோ அளவீடு, வனத்துறை அனுமதி, வயல் வயலாகப் பேச்சு என்று நான்கைந்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஆகவே, ஆலைக்கு விண்ணப்பம் வருவதற்கு முன்பே பாதையை முடிவு செய்தாக வேண்டும். எங்கே, எவ்வளவு, எப்போது என்பது தெரியாமலே முடிவெடுக்க வேண்டும்.

தெரியாதவை உண்மையிலேயே பல. தமிழ்நாடு, குஜராத் கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் நிதியுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அவை எந்த ஆண்டில் மின்சாரம் தரும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தூத்துக்குடியில் பேசப்படும் பசுமை ஹைட்ரஜன் ஆலைகள் எத்தனை எழும், சென்னையைச் சுற்றித் தரவு மையங்கள் எவ்வளவு மின்சாரம் கேட்கும், கூரைச் சூரியத் தகடுகள் பகல் தேவையை எவ்வளவு குறைக்கும் என்பவற்றுக்கும் உறுதியான பதில் இல்லை. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அது உயரும் என்பதில் ஐயமில்லை. எந்த ஊரில் எவ்வளவு உயரும் என்பதில்தான் ஐயம்.

இத்தனை ஐயங்களுக்கு நடுவே ஓர் அதிகாரிக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் வழி, கோப்பை நிறுத்தி வைப்பது. கட்டிய பாதையில் மின்சாரம் ஓடாவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும். கட்டாத பாதைக்காக யாரையும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கணக்குதான் தவறு என்கிறோம். தேவைக்கு மேல் கட்டிய பாதையின் செலவு நுகர்வோர் கட்டணத்தில் ஏறும் என்பது உண்மை; கடனில் மூழ்கிய மின்வாரியத்துக்கு அது சிறிய சுமையும் அல்ல. ஆனால் சில ஆண்டுகளில் தேவை வளர்ந்து அந்தப் பாதையை நிரப்பிவிடலாம். வீணான காற்றை மீட்க முடியாது. அந்த நேரத்தில் சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கிய மின்சாரத்தின் பணமும் திரும்பாது.

பாதை கட்டாமல் விட்டதற்குக் கொடுத்த விலையைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் தொகுப்போடு ஒத்தியங்கத் தொடங்கியது 2013 டிசம்பர் 31 அன்றுதான். அதற்கு முந்தைய மின்வெட்டு ஆண்டுகளில், வேறு மாநிலங்களில் மின்சாரம் விலைக்குக் கிடைத்தபோதும் வேண்டிய அளவு இங்கே கொண்டுவர வழியில்லை. கோவை, திருப்பூர் சிறுதொழில் பட்டறைகள் டீசலை எரித்தும் ஷிப்டைக் குறைத்தும் அந்தக் கணக்கைத் தீர்த்தன.

துணிந்து முன்கூட்டிக் கட்டியவர்களும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2005-இல் சட்டம் இயற்றி, காற்று வளம் மிக்க மேற்குப் பகுதிகளுக்கு ஆலைகள் முழுமையாக வருமுன்பே பாதை அமைக்க முடிவு செய்தது. ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவில் 2014 தொடக்கத்துக்குள் பணி முடிந்தது. காற்றாலைகள் பின்னாலேயே வந்தன.

நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரும் 6,000 மெகாவாட் நேர்மின்பாதை, வடக்கின் அனல்மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரத் திட்டமிடப்பட்டது. ஆனால் காற்றுப் பருவத்தில் இங்கே மிஞ்சுவதை வடக்கே திருப்பி அனுப்பவும் முடியும்படி அதை வடிவமைத்தார்கள். எதிர்காலம் எந்தப் பக்கம் திரும்பினாலும் பயன் தரும் பாதை அது.

எல்லாப் பாதையையும் இன்றே கட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஒரே ஒரு மதிப்பீட்டை நம்பித் திட்டமிடாமல், கடற்காற்றாலை விரைந்து வந்தால், தாமதித்தால், தொழில் தேவை பெருகினால், தேங்கினால் என்று பல எதிர்காலங்களைத் தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகம் வரைந்து பார்க்கட்டும். எல்லாவற்றிலும் தேவைப்படும் பாதைகளை உடனே தொடங்கட்டும். ஒன்றிரண்டில் மட்டும் தேவைப்படுபவற்றுக்கு நிலத்தையும் அனுமதியையும் மட்டும் முன்கூட்டிப் பெற்று வைக்கலாம். இரட்டைச் சுற்றுக் கோபுரம் எழுப்பி, இப்போதைக்கு ஒரு சுற்றுக் கம்பி மட்டும் இழுக்கலாம். துணைமின் நிலையத்தில் இன்னொரு மின்மாற்றிக்கு இடம் விடலாம். நெரிசல் மிகுந்த இடங்களில் மின்கலத் தொகுப்புகளை வைத்தால் இரண்டொரு ஆண்டு அவகாசம் கிடைக்கும். இந்தக் கணக்கு முழுவதையும் மக்கள் பார்வைக்கு வைத்து, ஆண்டுதோறும் திருத்த வேண்டும்.

இதில் விவசாயியை மறந்துவிடக் கூடாது. கொங்கு மண்டலத்தில் வயல் நடுவே கோபுரம் நட்டதை எதிர்த்து உழவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்ட அதிகாரத்தோடு வந்து குழி தோண்டியதுதான் அவர்களது கோபத்தின் வேர். கோபுர அடிநிலத்துக்கு நிலமதிப்பின் 200 விழுக்காடும், கம்பி செல்லும் பட்டைக்கு 30 விழுக்காடும் இழப்பீடாகத் தரலாம் என்று மத்திய மின்துறை 2024-இல் நெறிமுறை வகுத்தது. அது வெறும் நெறிமுறையாக நின்றுவிடாமல், மாநிலத்தின் ஒவ்வொரு புதிய பாதைக்கும் விதியாக வேண்டும். அவசரமாகத் திட்டமிடுபவர்கள்தான் வயலுக்குள் போலீசோடு நுழைகிறார்கள். ஐந்தாண்டு முன்பே வரைபடத்தோடு வருபவர்களுக்கு, தோப்பைச் சுற்றிப் போகவும் விவசாயியோடு உட்கார்ந்து பேசவும் நேரம் இருக்கும்.

எதிர்காலம் தெளியட்டும் என்று காத்திருந்தால், அது தெளியும் நாளில் பாதை கட்ட நேரம் இருக்காது. மின்தொடரமைப்புக் கழகம் தன் திட்டத்தை அடுத்த காற்றுப் பருவத்துக்குள் மக்கள் முன் வைக்க வேண்டும். கட்டியதற்கு மட்டும் கணக்குக் கேட்கும் வழக்கத்தை விட்டு, கட்டாமல் விட்டதற்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இனி கணக்குக் கேட்க வேண்டும்.